குசினிக்கு ஒரு காஸ் டிடெக்டர்: வாங்குவது, பொருத்துவது, பராமரிப்பது

காஸ் கசிந்தால் அலறி எச்சரிக்கும் காஸ் டிடெக்டரை எங்கே பொருத்துவது என்று இணையத்தில் தேடினால், கூரையிலிருந்து ஓர் அடிக்குள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். படம், அளவு எல்லாம் போட்டு நேர்த்தியாகச் சொல்லியிருப்பார்கள். திருகோணமலையில் அதை அப்படியே செய்தால், காசு கொடுத்து வாங்கிய கருவி சுவருக்கு அழகாக இருக்கும், வீட்டுக்குக் காவலாக இராது.

அந்த வழிகாட்டிகள் குழாய் வழியாக இயற்கை வாயு வரும் ஊர்களுக்கு எழுதப்பட்டவை. இயற்கை வாயு என்றால் பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதியைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். கசிந்தால் மேலே ஏறும். மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடித்தார்கள், ஆனால் அது நம் வீட்டு அடுப்பு எதற்கும் இன்னும் வந்து சேரவில்லை. உவர்மலையானாலும் பாலையூற்றானாலும் கிண்ணியாவானாலும் குசினியில் நிற்பது 12.5 கிலோ சிலிண்டர், இல்லாவிட்டால் 5 கிலோ. உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த, திரவமாக்கிய பெற்றோலிய வாயு, சுருக்கமாக எல்.பி.ஜி. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரித் தரையில் ஓடி, பள்ளம் பார்த்துத் தேங்கும்.

ஆகவே நமக்கு டிடெக்டரின் இடம் தரையோரம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எவ்வளவு காஸ் கசிந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி குசினி, ஒன்பதடி உயரம்: ஏறக்குறைய 25 கன மீற்றர். காற்றில் இந்த வாயு சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் அளவு வந்துவிடும். அறை முழுவதும் சமமாகக் கலக்க வேண்டுமானால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கசிய வேண்டும். ஆனால் அது சமமாகக் கலப்பதில்லையே. தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மட்டும் தேங்கி நின்றால் 120 கிராம் அளவே போதும். புது 12.5 கிலோ சிலிண்டரில் அது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் உங்கள் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது.

மூக்கை நம்பலாம்தான், காஸுக்குள் மணம் சேர்ப்பதே அதற்காகத்தான். எதைல் மெர்கப்டான் என்ற கந்தகச் சேர்மம் அது. அழுகிய கோவா மாதிரி நாறும். ஆனால் தூங்கும்போது மூக்கு எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வயதானால் மணம் பிடிக்கும் சக்தி குறையும். கொஞ்ச நேரம் அந்த நாற்றத்துக்குள்ளேயே நின்றால் மூக்குக்குப் பழகி, நாற்றம் போய்விட்ட மாதிரி இருக்கும். 2021 இறுதியில் நாடு முழுவதும் காஸ் அடுப்பு வெடிப்புகள் அடுத்தடுத்துப் பதிவானது நினைவிருக்கும். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அப்போது ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். பழைய ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் அதைத் தாங்காது.

வாங்கும்போது

பெட்டியை முதலில் திருப்பிப் பாருங்கள். எந்த வாயுவுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். மீத்தேன் அல்லது இயற்கை வாயு என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது சிலிண்டர் காஸையும் ஓரளவு உணரும், ஆனால் அலறும் அளவு மீத்தேனுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். எல்.பி.ஜி. என்று தெளிவாக இருப்பதே நமக்கு வேண்டியது. இரண்டுக்கும் என்று போட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் கையேட்டில் தரையோரம் பொருத்தும் அளவு தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைச் சொல்லாத கம்பெனி வாயுவைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது என் கணிப்பு.

அடுத்தது தர முத்திரை. வீட்டு டிடெக்டர்களுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 50194. அந்த எண் இருந்தால், தீப்பற்றும் அளவின் 20 சதவீதத்தைத் தொடுவதற்கு முன்பே அலற வேண்டும் என்ற நிபந்தனைக்கு அது உட்பட்டது என்று பொருள். நல்ல கருவிகள் 10 சதவீதத்தை ஒட்டியே அலறிவிடும். அதாவது ஆபத்தான அளவில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்போதே எச்சரிக்கை வரும், வெளியேற நேரம் கிடைக்கும்.

உற்பத்தித் திகதியையும் பாருங்கள். உள்ளே இருந்து காஸை உணரும் சென்சருக்கு ஆயுள் பொதுவாக ஐந்து வருடம். கடைத் தட்டில் இரண்டு வருடம் தூங்கிய பெட்டியை மலிவு விலைக்கு வாங்குவதில் லாபம் இல்லை.

புகை டிடெக்டரைக் காட்டி, இதுவும் அதுதான் என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. புகை டிடெக்டர் காஸை உணராது. கார்பன் மொனொக்சைட் டிடெக்டரும் வேறு. அது சரியாக எரியாத அடுப்பிலிருந்து வரும் மணமற்ற நச்சு வாயுவுக்கானது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். இந்த சென்சர்களுக்குள் சின்னதாக ஒரு சூடாக்கி எரிந்துகொண்டே இருக்கும். அதனால் வெறும் பற்றரியில் நீண்ட நாள் ஓடும் கருவி அரிது. மின்சாரத்தில் ஓடி, கரண்ட் போனதும் உள்ளிருக்கும் பற்றரிக்கு மாறும் வகைதான் நமக்குப் பொருத்தம். வாடைக்காற்று மழையில் மணிக்கணக்காகக் கரண்ட் போகும் இரவுகளில்தானே மெழுகுதிரியும் குப்பி விளக்கும் ஏற்றுகிறோம். காவல் வேண்டிய நேரம் அதுதான்.

கசிவு தெரிந்ததும் காஸைத் தானே அடைக்கும் வால்வோடு வரும் வகையும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதை ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் தொழில் தெரிந்தவர் பொருத்த வேண்டும். சாதாரண வீட்டுக்கு அது அவசியமில்லை. விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இரண்டு மூன்று சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

இடம் தேர்வது

அளவுகள் இவைதான். கருவியின் மேல் விளிம்பு தரையிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள், அதாவது ஓர் அடிக்குள். அதற்காகத் தரையோடு ஒட்டவும் வேண்டாம். தும்புத்தடியும் கழுவும் தண்ணீரும் படாதபடி 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். அடுப்பிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் ஒன்று முதல் மூன்று மீற்றர் தூரம். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால், பற்றவைக்கும் முன் வெளியேறும் துளி காஸுக்கெல்லாம் கத்தும். பிறகு எரிச்சலில் நீங்களே பிளக்கைப் பிடுங்கிவிடுவீர்கள்.

வாசலுக்கு நேரே வேண்டாம். கடற்கரை ஊரில் காற்று எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றோட்டத்தில் டிடெக்டர் இருந்தால், காஸ் அதைத் தொடாமலே வேறு பக்கம் போய்விடும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பின்னால், மூடிய அலுமாரிக்குள், அரிசி வாளிக்கு மறைவில் வைப்பதும் பயனில்லை. கருவி குசினிக் காற்றைச் சுவாசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் குசினியை ஒருமுறை பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் குசினி பின்பக்கம், ஹோலைவிட ஒரு படி தாழ்வாக இருக்கும். அந்த ஒரு படி போதும், கசிந்த காஸ் ஹோலுக்கு ஏறாமல் குசினியிலேயே நிற்கும். அப்படியானால் டிடெக்டரும் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மறுதலையாக, குசினி உயரமாகவும் பக்கத்து அறை தாழ்வாகவும் இருந்தால், அந்த அறையில் யாராவது தரையில் பாய் போட்டுத் தூங்குகிறார்களா என்று யோசியுங்கள். தூங்கினால் அங்கே இரண்டாவது டிடெக்டர் ஒன்று வேண்டும்.

சீமெந்துத் தட்டு போட்ட குசினி என்றால் சிலிண்டர் தட்டுக்குக் கீழே, கதவு போட்ட அலுமாரிக்குள் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் கசிவு உள்ளேயே தேங்கும். கதவின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டி, காற்றுப் போக ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். மேலே போட்டால் போதாது. டிடெக்டர் அந்த ஓட்டைகளிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வெளியே இருக்கட்டும்.

சிலிண்டரை வெளியே கம்பிக் கூட்டில் வைத்து, சுவர் துளைத்துக் குழாய் எடுத்திருந்தால் பெரும் ஆபத்து வெளியே போய்விட்டது. அதற்காக டிடெக்டர் வேண்டாம் என்றில்லை. அடுப்புத் திருகியும் உள்ளே வரும் குழாய் இணைப்பும் இன்னும் வீட்டுக்குள்தான். வெளியே சிலிண்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வடிகால் வாயோ கிணறோ இருந்தால் அதையும் கவனியுங்கள்.

பொருத்துவது

நம் வீடுகளில் பிளக் பொயின்ற் சமையல் தட்டுக்கு மேலேதான் இருக்கும், மூன்றரை நான்கடி உயரத்தில். பிளக்கில் நேரே குத்தும் டிடெக்டரை வாங்கி அங்கே குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். பச்சை விளக்கு எரியும், மனம் ஆறும், காஸ் மட்டும் கீழே தேங்கிக் கிடக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வயரோடு வரும் டிடெக்டரை வாங்கி, கருவியைக் கீழே சுவரில் திருகி, வயரைச் சுவரோடு கிளிப் அடித்து மேலே இருக்கும் பிளக் பொயின்ற்றுக்குக் கொண்டுபோவது. என் விருப்பம் இதுதான். தண்ணீர் படக்கூடிய உயரத்தில் 230 வோல்ட் இணைப்பு எதுவும் இருக்காது. இரண்டாவது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓர் அடி உயரத்தில் புதிதாகப் பொயின்ற் போடுவது. அப்படிப் போட்டால் அந்த வயரிங் ட்ரிப் சுவிட்ச்சோடு சேர்ந்திருக்க வேண்டும். தரை கழுவும்போது தண்ணீர் தெறிக்காத சுவரைத் தேருங்கள். தவழும் குழந்தை இருந்தால் பொயின்ற்றுக்கு மூடியும் வேண்டும். எக்ஸ்ரென்ஷன் வயரைத் தரையில் இழுத்துவிடுவது மட்டும் கூடவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் பின் நம் பொயின்ற்றுக்கு ஒத்து வராமல் இருக்கலாம். அடப்டர் போட்டு, அது ஆடிக்கொண்டிருந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். பிளக்கை வெட்டி 13 அம்பியர் சதுரப் பின் பிளக் மாற்றிவிடுவது சிறந்தது. அடப்டர் பெட்டியோடு ஒட்டி வரும் 12 வோல்ட் வகையை மட்டும் வெட்ட வேண்டாம்.

சுவரில் துளையிடும் முன் வயர் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு ஸ்குரூ, இரண்டு பிளாஸ்டிக் பிளக் போதும். கருவியின் காற்றுத் துளைகள் சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ அடைபட்டு நிற்கக் கூடாது. மின்சாரம் கொடுத்ததும் விளக்கு சில நிமிடம் மினுக்கும். சென்சர் சூடாகும் நேரம் அது, பெரும்பாலும் மூன்று நிமிடம். அதுவரை கருவிக்குக் கண் தெரியாது. கரண்ட் போய் வரும்போதும் இதே கதை, உள்ளே பற்றரி இல்லாத கருவி என்றால். புதிய சென்சர் முழுமையாக நிலைகொள்ள ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதற்குள் சும்மா ஒருமுறை கத்தினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சோதிப்பது

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கருவிகள் 85 டெசிபல் அளவில் கத்தும். படுக்கையறைக் கதவை மூடி, ஃபேனைப் போட்டுவிட்டு, இன்னொருவரை அழுத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இரவில் எழுப்புமா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆனால் அந்தப் பொத்தான் பெரும்பாலும் ஒலியையும் சுற்றையும்தான் சோதிக்கும். சென்சர் செத்துக் கிடந்தாலும் பொத்தானுக்கு அழகாகக் கத்தும் கருவிகள் உண்டு. சென்சரைச் சோதிக்க வாயுதான் வேண்டும். சிகரெட் லைட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், நம் சிலிண்டரில் இருப்பதன் உறவுக்காரன். கையேடு அதைத் தடுக்கவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். அடுப்பு, நுளம்புத்திரி, சாமி விளக்கு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். லைட்டரின் சில்லைச் சுழற்றாமல், நெம்பை மட்டும் மெதுவாக அழுத்துங்கள்; ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் வரும். காற்றுத் துளைகளுக்கு இரண்டு விரலிடை தள்ளி ஒரு வினாடி, மிஞ்சினால் இரண்டு. சில வினாடியில் பச்சை போய்ச் சிவப்பு வரும், கத்தத் தொடங்கும். காற்றுப் பட்டதும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் சென்சர் மூச்சுத் திணறி, அதன் கூர்மையே போய்விடும். கையேடு லைட்டர் கூடாது என்று சொன்னால் கூடாதுதான், சோதனைக்கென்று விற்கும் வாயு ஸ்ப்ரே வாங்குங்கள்.

உண்மையாகவே கத்தினால்

எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். இரவில் பதறி எழுந்து லைட்டைப் போடுவதுதான் எல்லாருக்கும் கை தானாகப் போகும் வேலை, அதனால் இதை வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காஸை வெளியேற்ற எக்ஸோஸ்ற் ஃபேனைப் போடுவதும் அதே தவறு. கத்துகிறதே என்று டிடெக்டரின் பிளக்கையும் இழுக்காதீர்கள்.

எரியும் தீ இருந்தால் அணையுங்கள். அடுப்புத் திருகியை மூடி, ரெகுலேட்டரை மூடுங்கள். கதவுகளைத் திறவுங்கள், காஸ் கீழே இருப்பதால் யன்னலைவிட வாசல்தான் முக்கியம். பிறகு ஆட்களோடு வெளியே வாருங்கள். போனை வெளியே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்: தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119, அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990. குசினிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்றால் அதை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், தள்ளிக்கொண்டு போகலாம். ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் சிலிண்டர் வாயில் சத்தம் கேட்டால், முடிந்தால் நிமிர்த்தபடியே திறந்த வெளிக்கு எடுத்துப் போய் வைத்து, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

நாற்றம் முழுக்கப் போய், கருவியும் அடங்கிய பிறகு, கசிவை நுரை வைத்துத் தேடலாம். சவர்க்காரத்தைக் கரைத்து ரெகுலேட்டர் வாய், ஹோஸின் இரு முனை, அடுப்பு இணைப்பு எல்லாவற்றிலும் தடவி, ரெகுலேட்டரைத் திறந்து பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி ஊதும். தீக்குச்சி பிடித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; அவர்களைக் குசினிக்குள் விடாதீர்கள்.

காரணமில்லாமல் கத்துவது

சென்சருக்குக் காஸ் மட்டும்தான் தெரியும் என்றில்லை. நுளம்பு, கரப்பான் ஸ்ப்ரே, வாசனைத் திரவியம், தின்னர், ஸ்பிரிற், வார்னிஷ் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். ஸ்ப்ரே அடித்த கையோடு கத்தினால் கதவைத் திறந்து பொறுத்துப் பாருங்கள். ஆனாலும் முதலில் காஸ் என்றே நினைத்து நடக்க வேண்டும், ஸ்ப்ரே என்று பிறகு தெரிந்தால் நட்டமில்லை.

கத்தவைக்கும் பொருட்களைவிட மோசமானது, சத்தமே போடாமல் சென்சரைக் கொல்லும் பொருள்: சிலிக்கோன். சிங்க் ஓரம் அடைக்க அடிக்கும் சிலிக்கோன் பசையின் ஆவி பட்டால் சென்சர் நிரந்தரமாக மந்தமாகிவிடும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போதும், குழாய் வேலை நடக்கும்போதும் கருவியைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மணம் போனதும் மறக்காமல் திரும்ப மாட்டி, லைட்டர் சோதனை ஒன்று செய்யுங்கள்.

பராமரிப்பு

இங்கே உப்புக் காற்றுதான் முதல் எதிரி. டச்சுக்குடாப் பக்கம் யன்னல் கம்பி எவ்வளவு வேகமாகக் கறள் பிடிக்கிறது என்று பாருங்கள், அதே காற்றுதான் பிளக் பின்னிலும் படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பின் பச்சை பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசி. மீன் பொரிக்கும் வீட்டில் எண்ணெய்ப் படலம். இரண்டும் சேர்ந்து காற்றுத் துளைகளில் பிசினாக ஒட்டும். மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், வெளிப்பெட்டியை மட்டும் சற்று ஈரத் துணியால் துடைக்கலாம். துளைக்குள் தண்ணீரோ சவர்க்காரமோ ஸ்ப்ரேயோ போகக் கூடாது. எறும்பும் பல்லி முட்டையும் உள்ளே புகுந்த கருவிகளும் உண்டு, தரையோரம் அல்லவா.

டிடெக்டர் வந்துவிட்டது என்று ஹோஸை மறக்க வேண்டாம். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான வழக்கம். எலி கடித்த தடம், வெடிப்பு, வளைத்தால் வெளுக்கும் இடம் எதைக் கண்டாலும் அந்த நாளுக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வாசர் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, நுரைத் தடவலும் செய்தால் ஐந்து நிமிட வேலை.

டிடெக்டரின் முதுகில், வாங்கிய மாதமும் வருடமும் அழியாத பேனாவால் எழுதுங்கள். சில கருவிகள் ஆயுள் முடிந்ததும் இடைவிட்டு இடைவிட்டு ஒரு சின்ன கீச்சொலி போடும் அல்லது மஞ்சள் விளக்குக் காட்டும். மலிவான கருவிகள் எதுவும் சொல்லாது. கையேட்டில் சொன்ன வருடம் முடிந்துவிட்டால், லைட்டருக்கு இன்னும் கத்துகிறதே என்று இழுத்தடிக்காமல் புதியது வாங்கி, பழையதன் வயரை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம் பார்த்து யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் குசினியில் மாட்டிவிடுவார்கள்.